முதுகுக்கு ஒரு கேமரா

என் முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு மச்சம் இருக்கிறது. இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். நேரில் நாங்கள் சந்தித்துக்கொண்டதில்லை. மிளகு அளவில் கொஞ்சம் புடைத்திருக்கும் என்பாள் என் மனைவி. ஏதோ அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நகையைப் போல அதன் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

அக்கறைக்குக் காரணம் உண்டு. போன வருஷம் தோல் டாக்டரம்மா அதை லென்ஸ் வைத்துப் பார்த்தார். இப்போதைக்கு இது சாது, ஆனால் ஓரம் கலைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் சிவந்து பரவினாலோ தாமதிக்காமல் வந்துவிடுங்கள் என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொன்னார். பரவினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. என் மனைவி கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டு நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

டாக்டரம்மா இந்த வேலையைச் சரியான ஆளிடம்தான் கொடுத்தார். என் மனைவிக்குப் பெயிண்ட் கம்பெனியில் நிறம் சேர்க்கிற வேலை. யாராவது ஒரு துணித் துண்டைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்றால், எந்தச் சாயம் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அட்டையில் பூசிக் காயவைத்து, துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அவள் சரி என்று சொன்னால்தான் டின் மூடப்படும். என்னுடைய இரண்டு வெள்ளைச் சட்டைகளும் ஒரே வெள்ளைதான் என்று இன்றுவரை அவளை ஒத்துக்கொள்ள வைக்க முடியவில்லை.

என் வேலை வேறு மாதிரி. நான் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டை ஓடவைப்பது பாதி வேலை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு "ஒண்ணும் இல்ல, இதோ ஆச்சு" என்று சொல்வது மீதிப் பாதி. நன்றாகவே சொல்வேன். அழுதுகொண்டிருந்த பெரிய மனிதர்கள்கூட என் குரலைக் கேட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு அமைதியாகியிருக்கிறார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் பழைய கேமரா அலமாரியிலிருந்து விழுந்து, லென்ஸை நாக்கு மாதிரி வெளியே நீட்டியபடியே உயிரை விட்டது.

"போன்ல எடுத்தா ஆகாதா?" என்றேன்.

"உங்க போன் எல்லாருக்கும் பவுடர் பூசி விடுதுங்க. போன மாசம் எடுத்த படத்துல உங்க நெத்தித் தழும்பையே காணோம். தழும்பை முழுங்கின போனு மச்சத்தை விடுமா?"

அதனால் அவளுடைய தம்பியிடம் போனோம். என் மச்சினன் பழைய கேமராக்களை வாங்கிச் சுத்தம் செய்து விற்கிறவன். அவன் கடை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அகலம். எங்களைப் பார்த்ததும் இரண்டு சின்னக் கேமராக்களை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம்.

"மாமா, கறுப்பை எடுத்துக்கோங்க. இதுல யாரை எடுத்தாலும் நல்லா வரும். தெருக் கோடியில நிக்கிறவன் சட்டைப் பித்தானைக்கூட இங்கேருந்து எடுக்கலாம்."

"நான் என்ன துப்பறியவா போறேன்? என் முதுகு எங்கேயும் ஓடாது, எனக்குப் பின்னாடியேதான் இருக்கும்."

"அப்போ வெள்ளி. கொஞ்சம் பழசு. வித்தை ஒண்ணும் காட்டாது. எதிரே என்ன இருக்கோ அதை எடுக்கும், அவ்வளவுதான்."

என் மனைவி இரண்டையும் கையில் வாங்கினாள். எடை பார்த்தாள், பித்தானை அழுத்திப் பார்த்தாள், தன் பையிலிருந்து ஒரு நிற அட்டையை எடுத்து இரண்டிலும் படம் பிடித்துப் பார்த்தாள். திருப்தி வரவில்லை. கடை வெளிச்சமே சரியில்லை என்றாள். மச்சினன் இரண்டையும் அவளிடமே கொடுத்து, "வீட்டுல வச்சுப் பாருக்கா. திங்கட்கிழமை ஒண்ணைத் திருப்பிக் கொடு. ரெண்டையும் கொடுத்தாலும் நான் அழ மாட்டேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமான நேரத்தில், படுக்கையறையில் அதே நாற்காலியில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் சுவர். திரைச்சீலை எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்பதற்குக்கூட அவளிடம் ஒரு அடையாளம் உண்டு. முதலில் கறுப்பில் எடுத்தாள். பிறகு வெள்ளியில். பிறகு மறுபடி வெள்ளியில். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

என் மனைவி திட்டினால் எனக்குப் பயமில்லை. வாயை மூடினால்தான் பயம்.

"என்ன?"

"ஒண்ணும் இல்ல. குனிஞ்சே இருங்க."

என் வசனத்தை என்னிடமே சொல்கிறாள். எழுந்து போய் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் மூன்று படங்களை வரிசையாக வைத்திருந்தாள். பழைய படத்தில் மச்சம் மச்சமாக இருந்தது. கறுப்பு எடுத்த படத்திலும் அப்படியே. வெள்ளி எடுத்ததில் மட்டும் மச்சத்தின் வலது ஓரம் கலைந்து, பிறை மாதிரி ஒரு சிவப்பு, தோலுக்குள் கசிந்தது போலப் பரவியிருந்தது.

"ஒரு பக்கம் மட்டும்" என்றாள் அவள். டாக்டரம்மா சொன்ன அதே வார்த்தை.

"கண்ணால பாரு."

பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள், அவள் மூச்சு முதுகில் பட்டது. "தெரியற மாதிரியும் இருக்கு, தெரியாத மாதிரியும் இருக்கு" என்றாள். இருபது வகைச் சிவப்பைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் வாயிலிருந்து இப்படி ஒரு பதிலை நான் கேட்டதே இல்லை.

"வெள்ளி கோளாறு. பழசுன்னு உன் தம்பியே சொன்னானே. கறுப்பை வாங்கிடலாம்" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நிமிஷத்தில் கறுப்புக் கேமராவை எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. அழகான கேமரா, அடக்கமான கேமரா, வீட்டுக்கு ஏற்ற கேமரா. வெள்ளியைத் தூக்கிக் குப்பையில் போடலாம் போல இருந்தது.

"உங்களுக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லுதுன்னு கேமரா வாங்க முடியாதுங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள்.

அன்று முழுவதும் வீட்டில் ரேடியோகூடப் பாடவில்லை. நான் சும்மா இருக்க முடியாமல், மச்சினனுக்குப் போன் போட்டுக் கறுப்பைப் புகழ்ந்தேன், நன்றாக இருந்த குழாயைக் கழற்றி ஒழுக வைத்தேன். அவள் கறுப்புக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தபடி இருந்தாள். அவ்வப்போது க்ளிக் என்று சத்தம் கேட்டது. தூரத்தில் இருப்பதை அது எப்படி எடுக்கிறது என்று சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கவலையிலும் வேலையை விடவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். டாக்டரம்மாவின் அறை மேல் மாடியில். லிஃப்டில் ஏறியதும் வழக்கம்போலச் சத்தத்தைக் கவனித்தேன். லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டு நாளாயிருந்தது. இப்போது இது நின்றுபோனால் தேவலை என்று நினைத்தேன். லிஃப்ட் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டரம்மா லென்ஸை வைத்துப் பார்த்தார். விளக்கைக் கிட்டே இழுத்தார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த என் மனைவியின் முகம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "போன வருஷம் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

என் மனைவி விடவில்லை. வெள்ளிக் கேமராவை எடுத்துப் படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார், மறுபடி லென்ஸை எடுத்தார், மறுபடி முதுகில் குனிந்தார். போன உயிர் திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடியும் எழுந்து வாசல் பக்கம் போயிற்று.

"இந்தப் படத்தைப் பார்த்தா நானும்தான் பயந்திருப்பேன்மா. ஆனா மச்சத்துல மாற்றம் இல்ல. அதே கேமராவுல இங்கேயே ஒண்ணு எடுங்க, பார்க்கலாம்."

அவள் எடுத்தாள். படத்தைப் பார்த்தாள். பிறையும் இல்லை, கசிவும் இல்லை. பழைய படத்தில் இருந்த அதே சாது மச்சம். அவள் படத்திலிருந்து கண்ணை எடுத்து அந்த அறையின் சுவரைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர். மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, டாக்டர் முன்னாலேயே, என் தோளில் பளார் என்று ஒன்று வைத்தாள்.

"எல்லாம் நீங்க அடிச்ச செவுருங்க!"

விஷயம் இதுதான். அவளுடைய கம்பெனியில் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிய டின்களை வேலை செய்கிறவர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் எந்த அறையும் நாங்கள் தேர்ந்தெடுத்த நிறத்தில் இல்லை, யாரோ வேண்டாம் என்ற நிறத்தில்தான் இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் அவள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோது, அவளை அசத்த வேண்டும் என்று படுக்கையறையின் வலது சுவரில் செங்கல் சிவப்பை நானே அடித்துவைத்தேன். திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்று, "இது என்ன செவுரா, காயமா?" என்றாள். ஒரு வாரம் திட்டினாள். பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினை.

"ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் விழுது. மச்சம் புடைச்சிருக்கிறதால மறு பக்கம் நிழல். அந்த நிழல்ல செவுத்துச் சிவப்பு போய் விழுந்திருக்கு" என்று டாக்டரம்மாவுக்கே பாடம் நடத்த ஆரம்பித்தாள். "கறுப்பு கேமரா அதுவாவே நிறத்தைத் திருத்தி மறைச்சிடுச்சு. இது இருந்ததை இருந்தபடி காட்டியிருக்கு. நாற்காலி அதே, நேரம் அதே, திரை அதேன்னு எல்லாத்தையும் பார்த்தேனே, செவுத்தைப் பார்த்தேனா? என் வேலையே இதுதானே!" சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே வழி மாறி அழுகையாகிவிட்டது. டாக்டரம்மா பஞ்சை எடுத்து நீட்டினார். கையில் வேறு எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சட்டையைப் போட்டேன். பித்தான் துளைக்குள் போகவில்லை. அவள் குனிந்து ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்டாள். இத்தனை வருஷமாகக் கதவுக்கு வெளியே நின்று எத்தனை பேரிடம் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லியிருப்பேன். உள்ளே நிற்கிறவன் காதில் அது எப்படி விழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்பாடா என்று இருந்தது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

இறங்கும்போது லிஃப்ட் சத்தம் போட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்படியே மச்சினன் கடைக்குப் போனோம். வெள்ளியைக் காட்டி, இதுதான் என்றாள் என் மனைவி.

"என்ன மாமா, கறுப்பு பிடிச்சிருக்குன்னு நேத்து போன்ல அந்தப் புகழ் புகழ்ந்தீங்க?"

"அது முகஸ்துதி பண்ற ஆளு. நமக்கு வேணாம்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே, அடுத்த ஆளுக்குக் கொடுப்பதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டுமே என்று கறுப்புக் கேமராவைத் திறந்து, அதில் இருந்த படங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டான். முதல் படம் என் முதுகு. அடுத்தது குழாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கும் நான். அதற்கடுத்தது வாயில் திருப்புளியைக் கடித்துக்கொண்டிருக்கும் நான். டீக் குடிக்கும் நான். செருப்பைத் தேடும் நான். கூடத்துச் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு பகலில் தூங்கும் நான். மச்சினன் தள்ளத் தள்ள நானாகவே வந்துகொண்டிருந்தேன். கறுப்பில் கொஞ்சம் அழகாகவே இருந்தேன்.

"மச்சம் முதுகுலதானே இருக்கு?" என்றேன் அவளிடம். "மூஞ்சியை எதுக்கு இவ்வளவு எடுத்தே?"

அவள் நிற அட்டைகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

கடையின் அகலத்துக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் முடியாது, மச்சினன் முன்னால் முறையும் இல்லை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மவுஸின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அக்கா, எல்லாத்தையும் அழிச்சிடவா?" என்றான்.

"கையை எடுடா" என்றாள் அவள். "ஒண்ணுகூடப் போகக் கூடாது. எல்லாத்தையும் வெள்ளிக்கு மாத்திக் கொடு."