பதினொரு படி ஏணி

முழங்கால் வலிக்கிறது என்று ஷாலினி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவள் அம்மா மாரிசெல்வி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் குடம் தூக்கச் சொன்னால் மட்டும் எங்கிருந்துதான் வலி வருமோ!

"ஏட்டி, நடிக்காத. கோகோ ஆடும்போது வலிக்கலையோ?" என்று ஏணியில் விரட்டுவாள். தாராவியில் அவர்கள் குடியிருந்த அறை ஒரு பை தைக்கும் பட்டறைக்கு மேலே. ஏறி இறங்கப் பதினொரு படி இரும்பு ஏணி ஒன்றுதான்.

மூட்டு வீங்கி, பிள்ளை நொண்ட ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அனந்த் ஸ்கேன் படத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

"தொடை எலும்பு நுனியில இந்தத் துண்டுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கு. மேல இருக்கற குருத்தெலும்போட சேர்ந்து பெயர்ந்துடலாம். இன்னும் பெயரலை. வளர்ற வயசு, தானா ஒட்டிக்க வாய்ப்பு இருக்கு. ஆறு வாரம் இந்தக் காலைத் தரையில ஊனவே கூடாது. துண்டு கழண்டா ஆபரேஷன்தான். வலி எப்போலேர்ந்து?"

"போன வாரந்தான் சார்," என்றாள் ஷாலினி அவசரமாக.

மாரிசெல்வி தலை குனிந்தாள். "இல்ல சார். மூணு மாசமாச் சொல்லுதா. நான்தான் நம்பல."

கழிப்பறை சந்து முனையில் இருந்தது. ஷாலினியின் அப்பா விடிவதற்குள் விக்ரோலிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆகவே மகளை முதுகில் சுமந்து ஏணியில் இறங்குவதும் ஏறுவதும் மாரிசெல்விதான். ஷாலினி ஒல்லிதான், ஆனாலும் ஏழாவது படியிலேயே மாரிசெல்விக்கு மூச்சு முட்டிவிடும்.

ஐந்தாம் நாள் மத்தியானம், காலையில் வைத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். ஷாலினியின் உதடு வெடித்திருந்தது.

"ஏன் குடிக்கல?"

"தாகம் இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"குடிச்சா கீழ போணும். தூக்கிட்டு ஏறும்போது உனக்கு மூச்சு வாங்குதுல்லா."

மாரிசெல்வி தண்ணீர்ப் பானையிடம் போனாள். இந்தப் பிள்ளையைப் பார்த்தா நடிக்கிறாள் என்று சொன்னோம்!

ஒரு சொம்பு நிறைய மொண்டு வந்து நீட்டினாள். ஷாலினி கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு சேலையை இழுத்துச் செருகி, மகளுக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இப்பம் வரலைம்மா."

"வரும்போது ஏறிக்க," என்றாள். திரும்பிப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.