அழ வைக்க ஒரு பிள்ளை

"நூறு வருஷம் கழிச்சுத் தாய்மாரெல்லாம் எப்படி இருப்பாக, நாகவல்லி?"

நேற்று நீலாயதாட்சி கேட்டது இது. நாகவல்லிக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாளைக்கு உலை வைப்பதற்கு அப்பால் அவள் எதையும் யோசித்ததில்லை.

இன்றும் இரண்டாங்கட்டுத் தூணில் சாய்ந்து, வீட்டுப் பிள்ளை தேனப்பனை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். காலையில் பூண்டு வேகவைத்துக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் பால் இறங்கவில்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டுக் காம்பைக் கடித்தது.

நாச்சியம்மை ஆச்சிக்குப் பால் இல்லாததால் கிடைத்த வேலை. தினம் இரண்டு படி அரிசி. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கும் புருஷன் பூமிநாதனுக்கும் அதுதான் கஞ்சி. தேனப்பன் குடித்து மிஞ்சினால் அவள் பெற்ற கருப்பிக்கு என்பது பேச்சு.

வந்த புதிதில் ஒருநாள் பின்கட்டு வாசலில் கருப்பி அழுதது. அந்தக் குரலுக்கு நாகவல்லியின் மாராப்பு நனைந்துபோனது. ஆச்சி அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து நாகவல்லியின் நாத்தனார் மலையம்மாள் தினமும் உச்சிவேளைக்குக் கருப்பியைப் பசியோடு தூக்கிவந்து அழ வைக்க வேண்டும். படி தாண்டக் கூடாது.

நீலாயதாட்சி பூனைபோல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆச்சியின் புருஷனுக்குத் தங்கை. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். தாவணிக்குள்ளிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

"கதை எழுதிட்டேன். கேளு. நூறு வருஷம் கழிச்சுத் தாய்மாரையெல்லாம் ஒரே கட்டடத்துல அடைச்சு வச்சிருக்காக. மணி அடிச்சா ஊரான் பிள்ளைக்குப் பால் குடுக்கணும். பெத்த பிள்ளை சுவருக்கு அங்குட்டு. பால் இறங்கலைன்னா அதை அழ விடுவாக."

"இதுக்கு எதுக்குச் சின்னாச்சி நூறு வருஷம்?"

நீலாயதாட்சியின் முகம் சுண்டிப்போனது.

"கடைசியில ஒருத்தி சுவரை இடிச்சுட்டுப் போயிருவா," என்றாள் மெதுவாக.

"போயி? கஞ்சிக்கு?"

அவள் நோட்டைப் புரட்டினாள். அதற்கு மேல் எழுதியிருக்கவில்லை.

பின்கட்டு வாசலில் நிழல் விழுந்தது. மலையம்மாள். தோளில் கருப்பி நனைந்த துணிபோலக் கிடந்தது. நோட்டு தாவணிக்குள் போவதற்குள் ஆச்சி வந்துவிட்டாள்.

"என்னடி, சத்தத்தையே காணோம்? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கு?"

"ரெண்டு நாளா வயித்தால போகுது ஆச்சி. அழத் தெம்பில்ல."

"லேசாக் கிள்ளி விடு. எம்பிள்ளை காத்துக் கிடக்குல்ல."

மலையம்மாள் கிள்ளவில்லை. பிள்ளையின் தொடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"மதினி ஒரு வாய் குடுத்தாப் பொழைச்சுக்கும் ஆச்சி."

"மிஞ்சட்டும், பாப்போம்."

நாகவல்லி எழப் பார்த்தாள். காம்பு நழுவியதும் தேனப்பன் வீறிட்டான். கட்டு முழுவதும் அதிர்ந்தது. அந்தக் குரலுக்கு அவளுக்கு மார்பு இரண்டும் கனத்தன. பால் பீறிட்டுச் சேலை நனைந்தது. கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

"அட, வந்திருச்சே!" ஆச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எம்பிள்ளை அழுதாலே சுரக்குது. இனிமே நீ அதைத் தூக்கிக்கிட்டு வெயில்ல அலைய வேணாம் மலையம்மா. நாளையிலேருந்து வராதே."

தேனப்பனை அவளே பிடித்து நாகவல்லியின் மார்பில் வைத்து அழுத்தினாள். அவன் மடக் மடக்கென்று குடித்தான். மறுபக்கத்துப் பால் தரைக்கல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. நீலாயதாட்சி தலை நிமிரவில்லை.

மலையம்மாள் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கருப்பியின் தலையில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.