நைட் ஷிஃப்ட் வீடு

எனக்கு முன்கோபம். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மருதமுத்து தூங்கும்போது அவன் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்காது என்று. முப்பத்து மூன்று வருடமாகச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை. ஷிஃப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவேன். குளித்து, நாலு இட்லி தின்று, ஜன்னலையெல்லாம் சாத்தி, அறைக்கதவைத் தாழ் போட்டு, திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பேன். அதுவரை வீட்டில் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. என் மனைவி கண்ணகி துணியை விரித்து அதன் மேல்தான் பாத்திரத்தை வைப்பாள். மகள் நந்தினி குதிகால் தரையில் படாமல் நடந்தே வளர்ந்தாள்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அதிலும் ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நந்தினிக்கு அப்போது எட்டு வயது. கொல்லையில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது கை முறிந்துவிட்டது. கண்ணகி மந்தாரக்குப்பத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளை அழவில்லை, ஊரைக் கூட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா வரும்வரை ரெண்டு மணி நேரம் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கதையைக் கம்பெனி பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, "கை ஒடஞ்சும் சத்தம் போடாத பொண்ணுங்க" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தேன்.

அந்த நந்தினி இப்போது அகமதாபாத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை மணிமாறனுக்கு அங்கே வேலை. பேரன் இனியனுக்கு நாலு வயது. போனில் பார்த்ததுதான் அதிகம். இந்த மே மாதம் பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு நானும் கண்ணகியும் கிளம்பினோம். ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் "தாத்தா!" என்று ஒரு கத்து கத்தினான் பாருங்கள், எதிர்வீட்டுக் குஜராத்தி அம்மாள் பதறிக் கதவைத் திறந்துவிட்டாள். ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான். சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் ஒரே கூச்சல். பஸ் ஓட்டுகிறான், சிங்கமாகிறான், குளியலறையில் நின்றுகொண்டு பாடுகிறான்.

"என்னாம்மா இது? புள்ளய அடக்கி வெக்க மாட்டியா? மனுசன் கண்ண மூட வேணாமா?" என்று எகிறினேன்.

நந்தினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கத்தட்டும்ப்பா. இது கத்துற வூடு" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பெரிய ஆளாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் இனியனை மடியில் உட்காரவைத்து, கை முறிந்த கதையைச் சொன்னேன்.

"அம்மாவுக்கு வலிக்கலயா தாத்தா?"

"வலிக்காம இருக்குமா? ஆனா தாத்தா தூங்கிகினு இருந்தேன் இல்ல, அதான் கம்முனு இருந்தா. நல்ல புள்ளைங்க அப்படித்தான் இருக்கும். நீ இருப்பியா?"

தலையை ஆட்டினான். ஒரு சாக்லேட் கொடுத்தேன். மறுநாள் நான் படுத்ததும் வாய்மேல் விரலை வைத்துக்கொண்டு, அவன் அம்மாவைப் போலவே குதிகாலைத் தூக்கி நடந்தான். அதற்கும் ஒரு சாக்லேட். சுரங்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் குமரவேலுக்குப் போன் போட்டு, "ரெண்டே நாள்ல பேரனப் பழக்கிட்டேன்யா" என்று பீற்றிக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

எட்டாம் நாள் கண்ணகிக்குப் பல்வலி. மாப்பிள்ளை ஆபீஸ் போயிருந்தார். நந்தினி அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். "ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்ப்பா. அவனப் பாத்துக்கங்க" என்றாள். "போம்மா, எனக்கென்ன புள்ளயப் பாத்துக்கத் தெரியாதா?" என்றேன். இனியன் கூடத்தில் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கண் சொக்கியது. சோபாவில் சாய்வதற்கு முன் முப்பத்து மூன்று வருடமாகச் செய்வதைச் செய்தேன். ஜன்னலைச் சாத்தினேன். பால்கனியின் கண்ணாடிக் கதவை இழுத்துக் கொக்கி போட்டேன். திரையை மூடினேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று நான் என்றைக்குப் பார்த்திருக்கிறேன்? அதற்கு முன்பே இனியன் லாரியோடு பால்கனிக்குப் போய், காய்கிற போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

அகமதாபாத் மே மாத வெயில். மணி ரெண்டு.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "யார்ரா அது!" என்று கத்திக்கொண்டேதான் எழுந்தேன். எதிரே நந்தினி. "இனியன் எங்கப்பா?" என்றாள். படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. கண்ணகி பல்வலியை மறந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நந்தினி போய்த் திரையை விலக்கினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். கொடியிலிருந்து ஒரு துண்டை இழுத்துக் கீழே போட்டு, அதன் மேல் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டிருந்தான். முகம் ரத்தமாய்ச் சிவந்து, உதடு வெடித்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்து காய்ந்த கோடு. வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தான்.

கதவைத் திறந்ததும் அம்மாவிடம் போகவில்லை, என்னைப் பார்த்தான். "தாத்தா, நான் கத்தவே இல்ல" என்றான்.

சாக்லேட்டுக்காக நிற்கிறான். பாவி மனுஷன் நான், அந்த இடத்திலேயே செத்திருக்கலாம்.

இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். டாக்டர் மருந்து தடவிக் கட்டுப் போட்டார். பயப்பட ஒன்றுமில்லை, நாலு நாளில் ஆறிவிடும் என்றார். மாப்பிள்ளை வந்தார், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. நந்தினியும் திட்டவில்லை. அவன் தூங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இவனுக்கு அந்தக் கதைய சொன்னீங்களாப்பா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதுல ஒண்ணு உங்களுக்குத் தெரியாது. அன்னிக்கு நான் கம்முனு உக்காரல. மூணு தடவ வந்து உங்க கதவத் தட்டுனேன். 'அப்பா, கை வலிக்குதுப்பா'ன்னு சொன்னேன். மூணாவது தடவ உள்ள இருந்து 'தோல உரிச்சிடுவேன்'னு கத்துனீங்க. அப்பறம்தான் போய் உக்காந்தேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தக் குரல் என்னுடையதுதான் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

"ஏம்மா இத்தன வருசமா சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோசமா சொல்லிகினு இருந்தீங்களேப்பா" என்றாள்.

நான் அழுதேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுதேன், பிள்ளை தூங்குகிறானே என்று.

மிச்ச நாளெல்லாம் நான் பகலில் கண் மூடவில்லை. இனியனைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினேன், சிங்கமாக உறுமினேன். கண்ணகிக்கு வாயெல்லாம் சிரிப்பு. அவனும் சிரித்தான், ஆனால் சத்தமில்லாமல். கிளம்புவதற்கு முதல் நாள் அவன் காலில் கட்டுப் பிரித்திருந்தார்கள். "தாத்தா தூங்கப் போறேன். நீ வந்து சத்தமா கூப்புட்டு எழுப்பணும், சரியா?" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தேன். கதவை முன்பே அகலத் திறந்து வைத்திருந்தேன். சின்னக் கால்கள் வந்தன. என் முகத்துக்கு நேரே நின்றன. அவன் மூச்சு என் மீசையில் பட்டது. கூப்பிடுடா, கூப்பிடுடா என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன். போர்வையை இழுத்து என் தோள்வரை மூடிவிட்டு, குதிகாலைத் தூக்கி நடந்து போய்விட்டான்.

நெய்வேலிக்கு வந்ததும் முதல் வாரமே நைட் ஷிஃப்ட். காலையில் வந்து குளித்துவிட்டு, ஜன்னலைச் சாத்தாமல், திரையை இழுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணகி கையில் பாத்திரத்தோடு துணியைத் தேடினாள்.

"அந்தத் துணிய எங்கயாச்சும் தூக்கிப் போடு. சும்மாவே வையி" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அப்போதும் மெதுவாகத்தான் வைத்தாள்.

பதினோரு மணிக்குப் போனில் கூப்பிட்டேன். இனியன் முகம் திரை முழுக்க வந்தது.

"தாத்தா, நீங்க இப்ப தூங்கணும் இல்ல?" என்றான், காதுக்குள் பேசுகிறவன் போல.

"இல்லடா ராஜா, தாத்தா முழிச்சிகினுதான் இருக்கேன். ஒரே ஒருக்கா கத்து. வந்த அன்னிக்கு லிஃப்டுகிட்ட கத்துனியே, அந்த மாதிரி."

அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். நந்தினி குனிந்து போனுக்குள் வந்தாள். கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்த என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கத்துடா கண்ணு, தாத்தா ஆசையா கேக்கறாரு இல்ல" என்றாள்.

அவளும் ரகசியக் குரலில்தான் சொன்னாள்.