பாம்புச் சரிவு

என் கணவனின் வெள்ளை வேன் மோந்தரேல் கோட்டை வாசலில் நிற்கிறது என்று முதலில் எனக்குச் சொன்னவள் யுகெத். சனிக்கிழமைச் சந்தையில் வாத்துக் கொழுப்பு விற்கிறவள். ஊரில் எந்த வீட்டுக் கதவு எந்நேரத்தில் திறந்து மூடியது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"ஏண்டி ஒடில், உன் புருஷனுக்கு அக்கரைக் கோட்டை மேல திடீர்னு என்ன பாசம்? நேத்து காலைல வேன் அங்க நின்னுச்சு. முந்தாநாளும் நின்னுச்சு."

"படகு விஷயமா யாரையாவது பாக்கப் போயிருப்பான்."

"விடிஞ்சும் விடியாமலா?" என்று கேட்டுவிட்டு, ஒரு டப்பா கொழுப்பைக் கூடுதலாக என் பையில் போட்டாள். காசு வேண்டாம் என்று கையை வேறு ஆட்டினாள். யுகெத் ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். இதற்கு முன் அவள் அப்படிக் கொடுத்தது, தச்சன் செத்த வாரத்தில் அவன் பெண்டாட்டிக்கு.

டோர்டோன் ஆற்றின் இரு கரையிலும், பேச்சுவார்த்தை நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரிகள் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கின்றன எங்கள் பள்ளத்தாக்கின் இரண்டு கோட்டைகள். வடகரையில் மோந்தரேல். நான்கு கோபுரம், ரோஜாத் தோட்டம், உணவு விடுதி, பின்பக்கம் ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் ஓர் அருவி. தென்கரையில் ரோக்சேர். ஒன்றரைக் கோபுரம், ஒரு கிணறு, நிறைய வௌவால், நான். டிக்கெட் கிழிப்பதும் நான், சுற்றிக்காட்டுவதும் நான், பெருக்குவதும் நான். அங்கே அரை நாள் சுற்றிவிட்டுக் களைத்துப்போய் இங்கே வருகிறவர்கள், "இதுவும் அது மாதிரிதானே?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். அந்தக் கோட்டையைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

இந்த வசந்தத்தில் அதற்குப் புது வழிகாட்டி வந்தாள். கொராலி. போர்தோ நகரத்துக்காரி. செம்பட்டை முடி, முழங்காலைத் தொடுகிற பச்சைக் கோட்டு, தங்கல் கோட்டை மாடி அறையிலேயே. அவள் சுற்றிக்காட்டி முடித்ததும் ஜனங்கள் கை தட்டுகிறார்களாம். என் பேச்சுக்கு இத்தனை வருஷத்தில் ஒருவரும் கை தட்டியதில்லை. முடிந்ததும் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

வேன் விஷயத்தில் முதலில் எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. அக்டோபர் மாதம், நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. செப் காளான் முளைக்கும் பருவம். என் கணவன் கஸ்பார் கோடை முழுக்கச் சுற்றுலாப் படகு ஓட்டுவான், இலையுதிர் காலத்தில் விடியற்காலையில் காளானுக்குப் போய்விடுவான். எங்கள் ஊர் ஆண்கள் எதைக் கேட்டாலும் கொடுப்பார்கள், காளான் முளைக்கிற இடத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். பெண்டாட்டிக்கும் சொல்வதில்லை. எங்கே கிடைத்தது என்று யார் கேட்டாலும் "மரத்தடியில" என்று ஒரே பதில்தான். என் மாமனார் சாகக் கிடந்தபோது, குடிக்கத் தண்ணீர் கொண்டு வா என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு மகனின் காதில் இடத்தைச் சொன்னார். நான் தண்ணீரோடு வந்தபோது இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கஸ்பார் அதை வேறு யாருக்கும் சொல்லவில்லை என்பதில் ஒரு சமாதானம் இருந்தது.

அந்த நம்பிக்கையும் யோசிக்க யோசிக்கக் கரைந்தது. மோந்தரேல் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அங்கே முள்ளும் புதரும் முளைக்குமே தவிர செப் காளான் முளைக்காது. இந்த மண்ணில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படியென்றால் அவன் அங்கே காளானுக்குப் போகவில்லை. பச்சைக் கோட்டுக்குத்தான் போகிறான்.

செவ்வாய்க்கிழமை ரோக்சேருக்கு விடுமுறை. அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கஸ்பாரிடம் சொல்லிவிட்டு, தலையில் துணியைக் கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாலம் வழியாகச் சுற்றி மோந்தரேலுக்குப் போனேன். பிறந்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறேன், அந்தக் கோட்டைக்கு டிக்கெட் வாங்கியது அன்றைக்குத்தான். டிக்கெட்டைக் கிழித்த பெண் "முதல் தடவையா?" என்று வேறு கேட்டாள்.

வாசல் முற்றத்தில் எங்கள் வேன் நின்றது. எட்டிப் பார்த்தேன். காலி. கஸ்பாரைக் காணோம். கொராலி தங்கியிருக்கிற மாடி அறையின் ஜன்னலில் திரை மூடியிருந்தது.

கொராலி வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பேசினாள். பாதாளச் சிறையில் ஒரு டச்சுக்காரக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கிணற்றடியில் ஒருவரும் அழுததில்லை. அவள் குரலைக் கேட்கக் கேட்க, இந்தக் குரல் விடியற்காலையில் என் புருஷனிடம் என்ன பேசியிருக்கும் என்றே மனம் ஓடியது.

மேல்தளத்துக்கு வந்ததும் அவள் ஆற்றுக்கு அப்பால் கையை நீட்டினாள். "இங்க நின்னு நூறு வருஷம் அந்தக் கரையையே உளவு பாத்தாங்க. அவங்களும் அங்கேர்ந்து இங்க பாத்துக்கிட்டே இருந்தாங்க. யார் வர்றா, யார் போறான்னு தூக்கமே கிடையாது. அதோ தெரியுதே, அதுதான் ரோக்சேர். எங்க ஏழைச் சொந்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"சிரிக்காதீங்க, நேரம் இருந்தா அங்கயும் போங்க. அங்க இருக்கிற மேடம் கிணத்தைப் பத்திச் சொல்றதைக் கேக்கணும். நானே ரெண்டு தடவை கேட்டேன்."

நிம்மதியாக ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாள். நான் தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக்கொண்டேன்.

கூட்டம் அவள் பின்னால் அருவிக்கு இறங்கியது. அவள் போய்விட்டாள் என்றால் கஸ்பார் மாடி அறையில் தனியாக இருப்பான், எப்படியும் இறங்கி வந்துதானே ஆகவேண்டும் என்று நான் மேல்தளத்திலேயே நின்றேன். காசு போட்டுப் பார்க்கிற தொலைநோக்கி ஒன்று அங்கே இருந்தது. சும்மா நிற்பதற்கு, என் கோட்டை இங்கிருந்து எப்படித் தெரிகிறது பார்ப்போம் என்று ஒரு காசைப் போட்டேன்.

ஆற்றின் மேல் மூடுபனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. என் ஒன்றரைக் கோபுரம் தெரிந்தது. நான் பூட்டிய கதவு தெரிந்தது. கீழே, கோபுரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஓக் மரங்கள் நிற்கிற சரிவும், அதன் உச்சியில் 'பாம்புகள் ஜாக்கிரதை' பலகையும் தெரிந்தன.

பலகைக்குக் கீழே ஒருவன் மண்டியிட்டிருந்தான். பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. இடது முழங்கை கொஞ்சம் கோணல். கோணலாகப் பின்னியவள் நான்தான்.

கஸ்பார் சருகை விலக்கினான். கத்தியால் மெதுவாக அறுத்தான். கறுத்த தலையும் தடித்த காலுமாக ஒரு செப் காளான். அதை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்ந்தான். என்னை அவன் அப்படி முகர்ந்ததில்லை. சின்னக் காளான்களை இன்னும் வளரட்டும் என்று சருகால் போர்த்தினான். கீழே நாணலுக்குள் அவனுடைய சின்னப் படகு கட்டிக்கிடந்தது.

எனக்கு எல்லாம் புரிந்தது. காளானுக்குப் போகிறவன் காளான் இருக்கிற பக்கத்திலா வண்டியை நிறுத்துவான்? பின்தொடர்கிறவர்களை ஏமாற்ற எதிர்ப்பக்கம் நிறுத்துவான். இதெல்லாம் எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பொறாமையில் எனக்குத்தான் மறந்துவிட்டது. அவன் வேனை மோந்தரேலில் விட்டு, மூடுபனிக்குள் படகில் ஆற்றைக் கடந்து, என் கோட்டைக்கே வருகிறான்.

முதலில் அப்படியே சுவரில் சாய்ந்தேன். அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் பலகை நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அதை எழுதி நட்டவனே கஸ்பார்தான். "அந்தச் சரிவுல விரியன் பாம்பு நெளியுது ஒடில், யாரையும் இறங்க விடாத," என்றான். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் பாம்பு, பாம்பு என்று தொண்டை கிழியச் சொல்கிறேன். நானும் இறங்கியதில்லை. என் புருஷன் தன் காளானுக்குச் சம்பளமில்லாத காவல்காரியாக என்னையே வைத்திருக்கிறான்! போட்ட காசு தீர்ந்து கண்ணாடி இருண்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். "இன்னைக்கு மோந்தரேல் போயிருந்தேன்."

அவன் சூப்பில் நனைத்த ரொட்டி கையிலேயே நின்றது. "அக்கா வீட்டுக்குப் போகல?"

"நம்ம வேன் அங்க நின்னுச்சு. எதுக்கு அங்க போற, கஸ்பார்? எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

உண்மையாகவே கோபப்பட்டிருக்க மாட்டேன். காளானுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. இடத்தைக்கூடச் சொல்ல வேண்டாம். அவன் என்னைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான், ஜன்னல் வழியாக ரோக்சேர் இருக்கிற திசையைப் பார்த்தான். மனசுக்குள் ஏதோ எடை போட்டான். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"கொராலி," என்றான்.

"கொராலிக்கு என்ன?"

"அவதான் காரணம். என்னை மன்னிச்சிடு ஒடில்."

அந்தப் பெண்ணோடு இவன் நாலு வார்த்தை பேசியிருப்பானா என்பதே சந்தேகம். செய்யாத துரோகத்தை ஒப்புக்கொள்கிறான், காளான் இடம் எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று.

"எத்தனை நாளா?"

"மழை பெஞ்சதுலேர்ந்து," என்றான்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அவன் என் முதுகைத் தடவி, இனிமேல் அவளைப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் வேறு செய்தான். கொராலி என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். முடியைப் பிடித்து ஆற்றில் தள்ளியிருப்பேன். ஒரு காளானை என்ன செய்வது? என்னை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பான், அதை விட்டுக்கொடுக்கமாட்டான். அந்தச் சரிவின் மேல் எனக்கு வந்த பொறாமை எந்தப் பெண்ணின் மேலும் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீக்கிரமே வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அவன் எழுந்திருக்கும் முன் கிளம்பினேன். அவன்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். என்னிடம் கோட்டையின் பின்வாசல் சாவி இருக்கிறது. முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். அவன் போர்த்தி வைத்த சருகை விலக்கினேன். குழந்தைகளை மாதிரி கொழுகொழுவென்று நின்றன. பொடியைக்கூட விடாமல் அத்தனையையும் அறுத்து, இரண்டு கூடை நிரப்பினேன்.

மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது கஸ்பார் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். காலிக் கூடை காலடியில். முகத்தில் ஈயாடவில்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று வெளியே சொல்லவும் முடியாது, சொன்னால் எங்கே என்று கேட்பார்களே. நான் பூண்டும் பார்ஸ்லியும் நறுக்கி, யுகெத் கொடுத்த கொழுப்பில் காளானை வதக்கி, ஆறு முட்டையை உடைத்து ஊற்றினேன். மணம் கிளம்பியதும் அவன் தலை நிமிர்ந்தது. முதல் வாயிலேயே மெல்லுவதை நிறுத்தினான். தன் காளானை நாக்கு அடையாளம் கண்டுகொண்டது போலிருக்கிறது.

"எங்க கிடைச்சுது?" என்றான்.

"மரத்தடியில."

அவன் பார்வை என் கையில் இருந்த முள் கீறல்கள் மேல் நின்றது. "அங்க... பாம்பு ஏதாவது..."

"ஒண்ணே ஒண்ணுதான். எதிர்ல உக்காந்து ஆம்லெட் சாப்பிட்டுக்கிட்டிருக்கு."

அவன் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

"ஒரு கூடையைக் கொராலிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்," என்றேன். "பாவம், உன்னால பேர் கெட்டுப் போனவ. வேன் எதுக்கு முத்தத்துல நிக்குதுன்னே அவளுக்குத் தெரியல. எவ்வளவு அழகா இருக்கு, எங்க கிடைச்சுதுன்னு கேட்டா."

முள்கரண்டி அவன் கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. "ஒடில்! நீ... நீ என்ன சொன்ன?"

அவனைக் கொஞ்ச நேரம் அப்படியே தவிக்க விட்டேன். அன்றைக்குத் தண்ணீர்க் குவளையோடு நான் நின்ற நேரமாவது அவன் தவிக்க வேண்டாமா?

"மரத்தடியிலன்னு சொன்னேன்."

அவன் மூச்சு விட்டான். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தான்.

"நாளைக்கு ரெண்டு பேருமாப் போகலாம்," என்றான். "ஆனா வேனை எங்க நிறுத்துறது? மோந்தரேல்ல இனிமே முடியாதே."

"யுகெத் வீட்டு வாசல்ல நிறுத்து," என்றேன்.