சகலையின் கன்வெர்ட்டர்

என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை எங்கள் ஆய்வுக்கூடத்தில் எப்போது சேர்ந்தானோ, அன்றிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

இரும்பும் எண்ணெயுமாக நிற்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக, பீரோ அளவில் ஒன்று செய்துகொண்டிருந்தோம். அதன் உயிர், மின்சாரத்தை உருமாற்றித் தரும் கன்வெர்ட்டர்தான். வாங்கும் மின்சாரத்தைச் சூடாக வீணாக்காமல் தொண்ணூற்றெட்டு சதவீதமாவது திருப்பித் தந்தால்தான் பீரோவுக்குள் இடம். ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி, என்னுடையது மயிரிழையில் தாண்டியது. நேற்று வந்தவனுடையது தொண்ணூற்றொன்பதாம்!

தலைமைப் பொறியாளர் அம்மா அவனுடையதை முதலாகவும் என்னுடையதை மாற்றாகவும் வைக்கச் சொன்னார். மாமியார் வீட்டில் ஒரே சின்ன மாப்பிள்ளை புராணம். நான் என்ன ஒப்புக்குச் சப்பாணியா?

மறுநாள் அவன் மேசைப் பக்கம் போனபோது கண்ணில் பட்டது. கம்பியைப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கவ்வி மீட்டர், கம்பியில் எதுவும் ஓடாதபோதும் பூஜ்யம் காட்டவில்லை. மாட்டினான் பயல், அவன் தொண்ணூற்றொன்பது தப்புக் கணக்கு! எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன். மீட்டரை நம்பாதீர்கள், கன்வெர்ட்டரை மூடிய பெட்டியில் வைத்து, சுற்றி ஓடும் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள் என்றேன்.

பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டே காலுக்கு இறங்கிவிட்டான். உள்ளுக்குள் குதித்தேன்.

அவன் முகம்கூடச் சுண்டவில்லை. "அண்ணே, உங்களோடதையும் அதே கவ்வியிலதானே அளந்தோம்?"

கூடத்தில் இருந்ததே அந்த ஒரு கவ்விதான்.

"அதையும் உள்ள வைங்க" என்றார் தலைமை அம்மா.

தண்ணீர் சூடேறிக்கொண்டே போனது. தொண்ணூற்றேழரையைக்கூட நான் தொடவில்லை. மாற்று இடமும் கைவிட்டுப் போனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், என் கன்வெர்ட்டர் இந்நேரம் பீரோவுக்குள் இருந்திருக்கும். எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமியார் வீட்டில் சகலை என்னைத்தான் புகழ்ந்தான். தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் அண்ணன் உண்மையைச் சொன்னார், இல்லாவிட்டால் ஊரறியத் தப்புக் கணக்குச் சொல்லி அசிங்கப்பட்டிருப்பேன் என்றான். மாமியார் கண்கலங்கி முதல் தட்டை எனக்கு வைத்தார். கெட்டிக்காரன் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான்.

என் மனைவி பரிமாறக் குனிந்தவள், என் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்.

"உங்களோடதும் இறங்கும்னு தெரிஞ்சிருந்தா வாயே தொறந்திருக்க மாட்டீங்க."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.