தக்காளிப் பூவும் மாமாவின் டூத் பிரஷும்

பார்சல் கிடங்கின் இரவு வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டில் வந்து விழுந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஊர் தூங்கும்போது விழித்திருப்பது. அதற்கு முன்பு கல்லூரியை விட்டவன். விடுவதில் எனக்கு நல்ல அனுபவம். பகலெல்லாம் கண் சொக்கும். அக்கா எனக்கு ஆந்தை என்று பெயர் வைத்தாள்.

"ஆந்தையாவது எலி பிடிக்கும்" என்றார் மாமா, அக்காவின் புருஷன்.

அக்கா தையல் வேலையை உதறிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரை போட்ட குடிலில் தக்காளி வைத்திருந்தாள். முதல் விளைச்சல். காய்க்காவிட்டால் குடிலைப் பிரித்து அந்த இடத்தில் மாமாவின் வேனை நிறுத்துவதாகப் பேச்சு. அக்கா மறுபடி யாரோ ஒருவரின் ஜாக்கெட்டுக்குக் கை தைக்கப் போகவேண்டியதுதான்.

தண்டச்சோறு என்ற பெயர் வேண்டாமென்று வந்த வாரமே ஒரு வேலை செய்தேன். குடிலின் மரத்தூண்களில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் இருந்தன. கீழே மரத்தூள். ஏதோ பூச்சி அரிக்கிறது என்று நானே முடிவுகட்டி, எல்லாவற்றையும் சிமெண்டால் அடைத்துப் பெயிண்டும் அடித்தேன். என் வாழ்க்கையில் முழுதாக முடித்த வேலை அது ஒன்றுதான்.

"பரவாயில்லயே மச்சான்" என்றார் மாமா. அன்று இரண்டு முறை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு பூக்கள் உதிர ஆரம்பித்தன. அடிக்கொத்துகளில் காய் இருந்தது. அதற்கு மேலே பூத்ததெல்லாம் காம்போடு தரையில் கிடந்தது.

"தேனீ வேணும்க்கா. காத்து வராத குடில்ல மகரந்தம் எப்படி உதிரும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வீடியோ பார்த்தேன்."

"காலேஜையும் இப்படித்தானே படிச்ச?"

இருந்தாலும் வேறு வழி இல்லை. காய்கறித் தோட்டத்துக்கு என்று சொல்லித் தேன்பெட்டிக்காரரிடம் இரண்டு பெட்டி கொண்டுவந்தேன். தேனீக்கள் வெளியே வந்து கூரையில் முட்டின. பிறகு பக்கவாட்டுத் திறப்பைக் கண்டுபிடித்து, பக்கத்துத் தோட்டத்துப் பூசணிப் பூக்களுக்குப் போய்விட்டன. தக்காளிப் பூவில் தேன் கிடையாது என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ரொம்ப நன்றி தம்பி! பூசணி பிடிக்குது பாருங்க!"

முதன்முறையாக நான் ஒருவருக்குப் பிரயோசனப்பட்டேன். ஆள்தான் தப்பு.

"இந்தக் கொத்தும் உதிர்ந்தா பிரிச்சிடலாம்" என்றார் மாமா.

மறுநாள் குடிலுக்குள் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கருவண்டு உள்ளே வந்தது. ஒரு பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கியது. அதன் ரீங்காரம் திடீரென்று மாறியது. உடம்பை அப்படி ஓர் உலுக்கு உலுக்கியதில் பூவின் நுனித் துவாரத்திலிருந்து மஞ்சள் பொடி கொட்டியது. தக்காளிப் பூ மகரந்தத்தைக் குழாய்க்குள் பூட்டி வைத்திருக்கிறது. அதிரவைத்தால்தான் விடும். தேனீக்கு அந்த வேலை வராது.

நான்கைந்து பூக்களை முடித்துவிட்டு வண்டு நேராக என் தூணுக்குப் போனது. பெயிண்ட் அடித்த இடத்தில் தலையால் முட்டியது. சுற்றி வந்து மறுபடி முட்டியது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அக்காவிடம் சொன்னேன். அவள் தூணைப் பார்த்தாள், தரையில் கிடந்த பூக்களைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"வேலை செஞ்சதுங்க வீட்டையெல்லாம் அடைச்சிட்டு, அதுக்குப் பதிலா ஆள் வேற கூட்டிட்டு வந்தியாடா?"

"ஆமா."

"இப்ப நீயே செய்."

மாமாவின் பேட்டரி டூத் பிரஷை எடுத்துவந்தேன். பூக்காம்பில் வைத்து அழுத்தினால் அதே உலுக்கு, அதே மஞ்சள் பொடி. தினமும் வெயில் ஏறியதும் கொத்துக் கொத்தாகப் போவேன். சிமெண்டையும் சுரண்டி எடுத்தேன். படிப்பை விட்டு, வேலையை விட்டு, கடைசியில் வண்டு உத்தியோகம்.

"டேய் மச்சான், என் பிரஷ்ல என்னடா மஞ்சப் பொடி?"

"பூ மாமா. உடம்புக்கு நல்லது."

ஒரு காலையில் அக்கா கூப்பிட்டாள். "ஆந்தை, இங்க வா." காய்ந்த இதழை விரலால் விலக்கினாள். உள்ளே பச்சையாக ஒரு மணி. அடுத்த பூவிலும். அதற்கடுத்ததிலும்.

"உங்க மாமாவை வேனைத் தெருவிலேயே நிறுத்திக்கச் சொல்லு" என்றாள்.

அதே வாரம் கருவண்டு திரும்பி வந்து பழைய துளைக்குள் நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிரஷைக் கழுவி நீட்டினேன், மாமா தொடவில்லை.

எனக்கு மறுபடி வேலை போய்விட்டது. இந்த முறை நானாக விடவில்லை.