எட்வர்டு துரையின் மணப்பெண்

நாவலின் பதினெட்டாம் அத்தியாயத்தை டைப் அடித்துக்கொண்டிருந்த வசந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளை நாடுகடத்திய ராஸ் தீவு. படகுத்துறையில் கிடந்த ஒற்றைப் பட்டுச் செருப்பைக் கையில் ஏந்தி எட்வர்டு துரை ஜெபம் பண்ணுகிறான். செருப்புக்குரிய கைதி மகள் லீலாவைத் தேவன் காட்டித் தருகிறார். எந்தக் கைதி மகள் பட்டுச் செருப்புப் போட்டாள்? புரோத்ராபூரில் ஜெராக்ஸ் கடை போட்டு ஆறு வருஷத்தில் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஆபீஸ் மனு எல்லாம் அடித்திருக்கிறாள். இவ்வளவு அபத்தத்தை அடித்ததில்லை.

எழுதியவர் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜெபமணி சார். கப்பல் டிக்கெட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், சபையில் மூப்பர். தினமும் நாலு பக்கம் கொண்டுவருவார், அடித்ததில் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழிப்பார், அவள் கதையையும் கேட்பார். கட்சால் தீவில் அப்பா ரப்பர் பால் வெட்டியது, சுனாமியில் அம்மா போனது, முகாமில் கிடந்தது எல்லாம் சொல்லியிருந்தாள். மனுஷர் இரக்கப்பட்டுக் கேட்கிறார் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த தாளில் இருந்தது: 'லீலாவின் அஞ்ஞானித் தாயைக் கடல் கொண்டுபோனது. மகளை எட்வர்டிடம் சேர்க்கத் தேவன் திறந்த வழி அது.'

அவள் விரல் நின்றது.

"கடைசி அத்தியாயம் எழுதலம்மா," என்றார் ஜெபமணி. "லீலா என்ன சொல்லுவான்னு நீதான் சொல்லணும். நீ ஞானஸ்நானம் எடுத்துட்டா சபையில ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். எனக்கும் பென்ஷன் வருது."

வசந்தகுமாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மீசைச் சாயம் மேலுதட்டுத் தோலிலும் ஒட்டியிருந்தது. இதற்குத்தானா இத்தனை பக்கம்?

"எட்வர்டுக்குச் சோறாக்கத் தெரியுமா சார்?"

"அவன் துரைல்லா! அவனுக்கு எதுக்கு அது?"

"லீலாவோட அம்மாவுக்கு ஏன் பேரு வைக்கல?"

"செத்துப்போனவளுக்கு எதுக்கும்மா பேரு?"

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். 'அஞ்ஞானித் தாய்' வந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழித்து வேறு அடித்தாள், கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்.

"எங்கம்மா பேரு கருப்பாயி. அதப் போட்டுட்டேன். லீலாவுக்கு இந்த ஷாதி, கல்யாணம் எதுவும் வேணாமாம். அதையும் போட்டுட்டேன். பஸ், அவ்வளவுதான், கதை முடிஞ்சிருச்சு சார்."

பிரிண்டர் தாளைத் துப்பியது. அதை அவர் மடியில் வைத்தாள். ஜெபமணி கண்ணாடியை மாட்டி, பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்தார். 'கருப்பாயி' என்ற எழுத்துகளுக்குமேல் பேனா முனையைக் கொண்டுபோனார். எங்கே சுழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.